சக்கரத்து ஸ்டட்டில் மரை வழுக்கினால்

சேற்றுழவு முடிந்து கேஜ் வீலைக் கழற்றும் நாளில்தான் பெரும்பாலான டிராக்டர்களில் ஸ்டட் போகிறது. நட் பாதி தூரம் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிறீச்சென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு நட் எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றும். வெளியேயும் வராது, உள்ளேயும் இறுகாது. "மரை வழுக்கிடுச்சு சார். ஒண்ணுதானே, மீதி ஏழு இருக்கில்ல, ஓட்டலாம்" என்பார் டிரைவர். அடுத்த பட்டத்தில் ஏழு ஆறாகும். ஆறும் அப்படியே ஓடும். ஒருநாள் சவுக்குக்கட்டை ஏற்றிய டிரெய்லரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பும்போது பின்சக்கரம் ஆடத் தொடங்கும். அதற்குமேல் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இயற்கை விவசாய இதழில் நட்டு போல்ட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தக்கைப்பூண்டு விதைத்தவர்கள் கேட்க மாட்டார்கள். 40, 45 நாளில், பூ எடுக்கும் சமயத்தில் அதை மடக்கி உழ வேண்டும். அந்த வாரத்தில் வண்டி படுத்துக்கொண்டால் தண்டு நாரேறிவிடும், மட்க நாள் கூடும், நடவு தள்ளும், நாற்று முற்றும். ரசாயனம் போடுகிறவர் யூரியாவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்வார். நமக்கு அந்த வழி இல்லை. செங்கல்பட்டுச் சிறுமணி மாதிரி ரகத்தைத் தேடி விதை வாங்கி வைத்துவிட்டு, எட்டு போல்ட்டுக்காகப் பட்டத்தைத் தவறவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

முதலில், ஸ்டட் என்ன வேலை செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். வண்டியின் பாரம் முழுக்க ஸ்டட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஸ்டட் செய்வது ஒரே வேலைதான்: சக்கரத்தின் டிஸ்க்கை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடிப்பது. அந்த அமுக்கத்தால் இரண்டு இரும்புக்கும் நடுவில் உண்டாகிற உராய்வுதான் பாரத்தையும் இழுவையையும் தாங்குகிறது. வண்டியில் வைக்கோல் பாரம் கட்டி வடக்கயிற்றை முறுக்குகிறோமே, அதுபோல. கயிறு வைக்கோலைத் தூக்கிப் பிடிப்பதில்லை. ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது, வைக்கோல் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. கயிறு தளர்ந்தால் பாரம் சரிகிறது.

16 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல ஹை டென்சைல் ஸ்டட் ஒன்றைச் சரியாக இறுக்கினால் சுமார் 6 டன் அமுக்கம் கிடைக்கும். எட்டு ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 50 டன். நட் தளர்ந்துவிட்டால் இந்த அமுக்கம் போய்விடுகிறது. டிஸ்க் ஒவ்வொரு சுற்றுக்கும் மயிரிழை நகர்கிறது. அப்போதுதான் பாரம் நேராக ஸ்டட்டின் உடம்பில் விழுகிறது. இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே மாதிரி ஒருநாள் ஒடிகிறது. ஒடிந்த ஸ்டட்டைப் பார்த்து "பாரம் தாங்கலை" என்று சொல்வார்கள். பாரம் எப்போதும் இருந்ததுதான். பிடிதான் இல்லாமல் போனது.

அஞ்சு நூலும் 16 மில்லிமீட்டரும்

எங்களிடம் இருப்பது ஒரு பழைய மேஸி 1035. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கள் நிலம். இடது பின்சக்கரத்தில் மூன்று ஸ்டட் மரை போயிருந்தது. மீதி ஐந்தைக் கழற்றிப் பார்த்ததில் காரணம் கையில் கிடைத்தது. ஸ்டட்டுகள் அங்குல அளவு. எங்களுக்கு முன்னால் யாரோ ஒரு பட்டறையில் போட்ட நட்டுகளில் மூன்று மில்லிமீட்டர் அளவு. வழுக்கிய மூன்றும் அந்த மூன்றுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் கிராமத்துப் பட்டறைகளில் மரை போவதற்குத் துருவைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆனால் 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மேஸி பெர்குசன் கூட்டில் தயாரித்த டிராக்டரும், 1963-ல் மஹிந்திராவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் டிராக்டரும் அங்குலத்தில் வரையப்பட்ட வண்டிகளின் வாரிசுகள். கடையில் கிலோவும் மீட்டரும் வந்தபிறகும் வயலில் அங்குலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வண்டிகளில் பரவலாக இருப்பது யு.என்.எஃப். எனப்படும் நுண்மரை. இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டு நட் இன்னொரு நாட்டு போல்ட்டில் ஏறாமல் பட்ட அவஸ்தைக்குப் பிறகு, 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட மரை முறை அது. மூன்று நாட்டுக்கும் பொதுவாக வந்த மரை, நம்மூர்ப் பட்டறையில் புதிய குழப்பத்துக்கு வழி செய்துவிட்டது.

பட்டறையில் அரைக்கால் அங்குலத்தை ஒரு நூல் என்போம். 5/8 அங்குலம் என்றால் அஞ்சு நூல். மில்லிமீட்டரில் 15.875. மெட்ரிக்கில் இதற்குப் பக்கத்து அளவு 16. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. சாதா நட் என்றால் 24-ம் நம்பர் ஸ்பேனர் இரண்டுக்குமே உட்காரும். ஆனால் மரை வேறு. அஞ்சு நூல் யு.என்.எஃப்.-ல் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது ஒரு மரைக்கு 1.41 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் நுண்மரை போல்ட்டில் ஒரு மரைக்கு 1.5. ஒரு மரைக்கு ஒன்றும் தெரியாது. பத்து மரை போவதற்குள் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் தள்ளிவிடும்.

அதனால் என்ன ஆகிறது? மெட்ரிக் நட்டை அங்குல ஸ்டட்டில் கையால் வைத்தால் இரண்டு மூன்று மரை சுலபமாக ஏறும். அப்புறம் இறுகும். "துரு இருக்கு" என்று பட்டறைக்காரத் தம்பி ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் திருப்புவார். நட் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போகும். நன்றாக இறுகிவிட்டது போலவே கைக்குத் தோன்றும். அந்த இறுக்கம் மரையோடு மரை மல்லுக்கட்டுகிற இறுக்கம். டிஸ்க்கை அமுக்குகிற இறுக்கம் இல்லை. நாலு நாள் ஓடியதும் தளரும். கழற்றும்போது இரண்டு மரையும் சேர்ந்து வழித்துக்கொண்டு வரும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஹார்டுவேர் கடையில் "அஞ்சு நூல் போல்ட்டு" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் விட்வொர்த் மரை. அங்குலத்துக்கு 11 மரைதான். கேட் கொக்கிக்கும் கூரைக்கும் அது சரி. சக்கரத்துக்கு ஆகாது.

அளப்பது எளிது. பிட்ச் கேஜ் என்று விசிறி மாதிரி விரிகிற பல் தகடுகள் விற்கிறார்கள். அங்குலத்துக்கு ஒரு கேஜ், மெட்ரிக்குக்கு ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால், அளவு தெரிந்த ஒரு புது போல்ட்டைப் பழைய ஸ்டட்டோடு பக்கவாட்டில் மரைக்குள் மரை பதியும்படி ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஓர் அங்குல நீளத்துக்கும் இடைவெளி இல்லாமல் பல்லோடு பல் உட்கார்ந்தால் அதே மரை. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேறு. "என் வண்டி மேஸி, அதனால் அங்குலம்தான்" என்று முடிவு கட்டவும் வேண்டாம். நாற்பது வருஷ வண்டியில் ஹப் எதிலிருந்து வந்தது, ஸ்டட் எப்போது மாற்றியது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஸ்டட்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். சரியான நட் என்பதற்கு அடையாளம் ஒன்றே: சுத்தம் செய்த ஸ்டட்டில் கடைசி வரை விரலாலேயே ஏற வேண்டும்.

உப்புக் காற்றும் ஆயுத பூஜை பெயின்ட்டும்

கடலோரத்தில் இருக்கிற நமக்குத் துரு கூடப் பிறந்தது. மாமல்லபுரத்து ரதங்களுக்குச் சக்கரமும் கிடையாது, ஸ்டட்டும் கிடையாது. பல்லவர்கள் காலத்திலிருந்து நிற்கின்றன. நம் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உப்பு ஈரம் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் புகுந்து, துரு ஊதி, மரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதோடு கேஜ் வீல் தொல்லை. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறினால் அபராதம் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. சாலை நம் காசில் போட்டது, அதனால் அறிவிப்பு நியாயம்தான். ஆனால் ஒரு பட்டத்தில் பத்து முறை மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்டட்டின் நுனியில் சேறும் மணலும். அதைத் துடைக்காமல் நட்டை ஏற்றுவது மரைக்கு உப்புத்தாள் போடுவது மாதிரி. கம்பித் தூரிகை ஒன்று சீட்டுக்கு அடியில் இருந்தால் போதும்.

பெயின்ட் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆயுத பூஜைக்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது டிஸ்க்கின் உள்முகம், ஹப் முகம், ஸ்டட் எல்லாவற்றிலும் தாராளமாக அடித்துவிடுகிறார்கள். டிஸ்க்கும் ஹப்பும் ஒட்டுகிற முகத்தில் கெட்டியான பெயின்ட் இருந்தால், சூட்டிலும் பாரத்திலும் அது நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்கு ஸ்டட்டின் பிடி தளரும். அந்த இரு முகமும் சுரண்டி வெறும் இரும்பாக இருக்க வேண்டும். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பளபளக்கட்டும்.

தளர்ந்திருப்பதை வண்டி தானே சொல்லும். நட்டைச் சுற்றி டிஸ்க்கில் குங்குமம் கொட்டினாற்போல் நைசான செந்தூள், அல்லது நட்டிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடிய துருக் கோடு, அல்லது நட் உட்காரும் இடத்தில் தேய்ந்து பளிச்சிடும் வளையம். இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே நிறுத்துங்கள்.

கழற்றுவது

தரை கெட்டியாக இருக்க வேண்டும். மணல் தரையில் ஜாக்கி புதையும். அடியில் அகலமான பலகை போடுங்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி. தூக்கியதும் அச்சுக்குக் கீழே நல்ல மரக்கட்டையை அடுக்கி அதில் வண்டியை உட்கார வையுங்கள். வைரம் பாய்ந்த பனங்கட்டை நம் பக்கம் கிடைக்கும், அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம். அவை சொல்லாமல் உடையும். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதில் நூறு லிட்டருக்கு மேல் இருக்கும். சக்கரத்தைத் தனி ஆளாகக் கழற்றப் பார்க்காதீர்கள்.

நட் அசையவில்லை என்றால் முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயோ டீசலோ ஊற்றி வையுங்கள். காலையில் நட்டின் பக்கங்களில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கமாக அசைத்து, பிறகு கழற்றுங்கள். வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றுகிற நட் என்றால், மற்ற நட்டுகளை எடுத்துவிட்டு, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவில் கடப்பாரை நுனியைக் கொடுத்து வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே திருப்பினால் மிச்சமிருக்கும் மரையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் உளியும் சம்மட்டியும். நட்டைப் பக்கவாட்டில் பிளந்துவிடலாம். கிரைண்டர் போட்டால் டீசல் துணி, வைக்கோல் எதுவும் பக்கத்தில் வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டயர் ரிம்மில் மாட்டியிருக்கும்போது அந்தச் சக்கரத்தில் கேஸ் சூடு காட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. "காத்தை எறக்கிட்டோம் சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆகும். உள்ளே ரப்பர் சூடேறி வாயு கிளம்பும். அது தீப்பிடித்தால் டயர் குண்டு மாதிரி வெடிக்கும். காற்றை இறக்கினது அதற்குப் பாதுகாப்பு இல்லை. சக்கரத்தைத் தனியே எடுத்துத் தள்ளி வைத்த பிறகு, ஹப்பில் நிற்கிற ஸ்டட்டுக்கு என்ன வைத்தியம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சக்கரம் வந்துவிட்டது. இப்போது எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டட்டின் வெளி நுனியில் மட்டும் இரண்டு மரை நசுங்கியிருந்தால் டை போட்டுச் சீவிவிடலாம். நட் உட்காருவது அதற்கு உள்ளேதான். ஆனால் நட் உட்காரும் இடத்தில் மரை போயிருந்தால் டை போடுவது வீண். நட்டின் பாரத்தில் பாதிக்கு மேல் டிஸ்க்கை ஒட்டிய முதல் மூன்று மரைகளே தாங்குகின்றன. அந்த மூன்றும் போன ஸ்டட்டில் பின்னால் எத்தனை மரை பளபளத்தாலும் பயனில்லை.

ஹப்பின் பின்பக்கம் தடவிப் பாருங்கள். ஸ்டட்டுக்குத் தலை இருந்தால் அது அடித்து ஏற்றிய வகை. கழுத்தில் பற்கள் வெட்டியிருக்கும். தலை இல்லாமல் ஹப்பிலேயே மரைபோட்டு ஏற்றியிருந்தால் திருகு வகை. அடித்து ஏற்றியதை முன்னாலிருந்து தட்டி எடுப்பார்கள். ஆனால் ஹப் அச்சிலேயே இருக்கும்போது சம்மட்டி போட்டால் அந்த அடி பேரிங்கில் போய் விழும். ஹப்பைக் கழற்ற முடிந்தால் லேத் பட்டறையின் பிரஸ்ஸில் கொடுத்து எடுப்பதே நல்லது. புதிய ஸ்டட்டை ஏற்றும்போதும் அடிக்க வேண்டாம். பின்னாலிருந்து செருகி, முன்னால் நாலைந்து கனமான வாஷர் போட்டு, ஒரு பழைய நட்டால் மெல்ல இழுத்து உட்கார வையுங்கள். தலை ஹப்பில் முழுக்கப் படிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதன் மரை இழுபட்டிருக்கும்.

திருகு வகையில் ஸ்டட் வெளியே நீண்டிருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று முட்ட இறுக்கி, உள் நட்டைத் திருப்பி எடுக்கலாம். ஹப்போடு மட்டமாக ஒடிந்திருந்தால், துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து நடு ஓட்டையில் வெல்டு நிரப்பி, சூடு தணியத் தொடங்கியதும் ஸ்பேனரால் எடுப்பது பட்டறைக்காரர்களின் நல்ல வித்தை. சூடே பாதி துருவை உடைத்துவிடும். அதுவும் வராவிட்டால் நடு மையம் குத்தி, டிரில் போட்டு, மரையைக் கெடுக்காமல் எடுக்க வேண்டும். அதை லேத்காரரிடம் விடுங்கள்.

ஹப்பின் ஓட்டையிலேயே மரை போயிருந்தால் பலர் செய்வது ஸ்டட்டைச் செருகிச் சுற்றி வெல்டு வைப்பது. பல ஹப்புகள் வார்ப்பிரும்பு. சூடேறிக் குளிர்ந்தால் விரியும். ஸ்டட்டின் பக்குவமும் வெல்டு சூட்டில் போய்விடும். அதைவிட இரண்டு வழி உண்டு. ஹெலிகாயில் என்கிற சுருள் மரையை ஏற்றினால் பழைய அளவே நிற்கும். அல்லது ஓட்டையை அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹப் பக்கம் பெரிசாகவும் நட் பக்கம் பழைய அளவாகவும் படி வைத்த ஸ்டட் ஒன்றை லேத்தில் கடைந்துகொள்ளலாம். டிஸ்க்கின் ஓட்டையைத் தொட வேண்டியிருக்காது. ஓட்டையைச் சுற்றி இரும்பு போதுமான அளவு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் ஓர் ஓட்டைக்கு இதைத்தான் செய்தோம்.

டிஸ்க்கின் ஓட்டை முட்டை வடிவமாக இழுபட்டிருந்தால் எந்த ஸ்டட்டும் நிலைக்காது. டிஸ்க்கை மாற்றுங்கள். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும்.

எந்த இரும்பு

போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். புள்ளிக்கு முன் உள்ள எண் எவ்வளவு இழுத்தால் அறும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின் உள்ளது அதில் எத்தனை பங்குக்கு நீளாமல் தாங்கும் என்பதை. 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிரந்தரமாக நீளாது. எண் இல்லாத சாதா எம்.எஸ். போல்ட் இதில் பாதி. சக்கரத்துக்குரிய இறுக்கம் கொடுத்தாலே அது சவ்வாக நீண்டுவிடும். அங்குல போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடுகள்: தலையில் மூன்று கோடு என்றால் 8.8-க்குச் சமீபம், ஆறு கோடு என்றால் 10.9-க்குச் சமீபம். சக்கரத்துக்கு 8.8-க்குக் கீழே இறங்க வேண்டாம். வண்டியில் முதலில் வந்தது 10.9 என்றால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

நம் கடலோரத்தில் ஒரு பழக்கம் பார்க்கிறேன். படகு எஞ்சின் வேலைக்கு வரும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சக்கரத்தில் போடுவது. "துருவே புடிக்காது சார்." பிடிக்காதுதான். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தாங்கும் வலிமை 8.8-ஐவிட நன்றாகவே குறைவு. இறுக்கும்போது ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. படகில் இருக்கட்டும்.

சரியான ஸ்டட் கடையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உருட்டிப் போட்ட மரை, லேத்தில் வெட்டிய மரையைவிட அலுப்பைத் தாங்கும். ஹை டென்சைல் போல்ட் எங்கோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1966-லிருந்து சென்னைப் பாடியிலேயே செய்கிறது. கிடைக்காத அளவென்றால் லேத்தில் கடையலாம். ஆனால் கிடைத்த கம்பியில் கடையச் சொல்லாதீர்கள். இ.என்.19 அல்லது இ.என்.24 இரும்பு என்று கேட்டு, பக்குவப்படுத்தியதா என்றும் கேளுங்கள். எத்தனை மாற்றுவது? ஒன்று மட்டும் போயிருந்தால் அதோடு இரு பக்கத்து ஸ்டட்டும். அதன் பாரத்தைச் சுமந்தவை அவைதான். மூன்று போயிருந்தால் எட்டையும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வங்கியில் இருந்த காலத்தில் டிராக்டர் கடன் மனுக்கள் என் மேசைக்கு நிறைய வந்தன. வருஷத்துக்கு 1,000 மணி நேரம் வேலை இருந்தால் வண்டி தன் கடனைத் தானே கட்டும் என்பது கணக்கு. ஐந்து ஏக்கர்க்காரர் சொந்த நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஓட்ட மாட்டார். மீதிக்கு ஊரெல்லாம் வாடகைக்கு ஓட வேண்டும். "பழைய வண்டி அடிக்கடி மக்கர் பண்ணுது, புதுசு எடுத்துடலாம்" என்று வந்தவர்களில் சிலருடைய மக்கர் இந்த மாதிரி எட்டு ஸ்டட் அளவிலானதுதான். எட்டு ஸ்டட்டும் நட்டும் லேத் கூலியும் சேர்த்தாலும் புது வண்டியின் ஒரு தவணைக்குப் பக்கத்தில் வராது. தற்சார்பு என்று நம் கூட்டங்களில் விதைக்கும் உரத்துக்கும் பேசுகிறோம். வண்டிக்கும் கொஞ்சம் பேசலாம்.

இறுக்குவது

நட்டின் கூம்புப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டிய வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். எட்டையும் விரலால் ஏற்றி, எதிரெதிராக இறுக்குங்கள்: கடிகாரத்தில் 12 என்றால் அடுத்து 6, பிறகு 3, பிறகு 9, அப்புறம் நடுவில் உள்ளவை அதே முறையில். ஒரே மூச்சில் வேண்டாம், மூன்று சுற்றாக. கடைசிச் சுற்று சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு.

எவ்வளவு இறுக்குவது? வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் அளவு. டார்க் ரெஞ்ச் இருந்தால் அதில் வைத்துத் திருப்புங்கள். இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. 2 அடிக் கைப்பிடியின் நுனியில் 35 கிலோ பலம் கொடுத்து அழுத்தினால் சுமார் 200 நியூட்டன் மீட்டர். 16 மில்லிமீட்டர் 8.8 ஸ்டட்டுக்கு அது கிட்டத்தட்ட முழு இறுக்கம். 70 கிலோ ஆள் 4 அடிப் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் அதைப்போல் நாலு மடங்கு. அந்தக் கனத்து ஸ்டட் எதுவும் அதைத் தாங்காது. அன்றைக்கே ஒடியாவிட்டாலும் இழுபட்டு நிற்கும். ஒடிவது இன்னொரு நாள், இன்னொருவர் கையில். மரையில் கிரீஸை அப்பிவிட்டு இறுக்கினால் அதே பலத்துக்கு இன்னும் அதிகம் இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். துருவுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். கூம்பு உட்காரும் இடத்தில் எதுவும் வேண்டாம்.

மாட்டி அரை மணி ஓடியதும் ஒருமுறை, அன்று மாலை ஒருமுறை, பத்து மணி நேர வேலைக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது இரும்பு படிந்து உட்காரும்போது கொஞ்சம் தளரும், அது இயல்பு. கேஜ் வீல் மாட்டும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். எல்லாம் நின்ற பிறகு நட்டிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். தினமும் காலையில் டீசல் பார்க்கும்போது கண்ணை ஓட்டினால் போதும். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது.

எங்கள் வண்டியின் பெட்டியில் இப்போது நாலு ஸ்டட், எட்டு நட், ஒரு கம்பித் தூரிகை, இரண்டு பிட்ச் கேஜ் இருக்கின்றன. ஸ்டட்டையும் நட்டையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறோம். டப்பா மூடியிலும், மட்கார்டின் உள்பக்கத்திலும் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது: "பின்சக்கரம் – அஞ்சு நூல், அங்குலத்துக்கு 18 மரை. மில்லிமீட்டர் நட் போடாதே."